வீட்டு இணையம்: கம்பியில் வருவதா, காற்றில் வருவதா?

வாசகர் கேள்வி – பதில்

வீட்டு இணைய இணைப்பு பற்றிக் கேள்விகள் அனுப்பலாம் என்று சென்ற இதழில் நான்கு வரி அறிவிப்புப் போட்டிருந்தோம். வந்து குவிந்த கடிதங்களைப் பிரித்துப் பார்த்தால், ஊர்தான் வேறு வேறே தவிர, பாதிக்கு மேல் ஒரே கேள்விதான்: செல்பேசி வழியாக வரும் இணையமே போதுமா, வீட்டுக்குள் கம்பி இழுத்தே ஆக வேண்டுமா? ஒன்றுபோல் இருந்த கடிதங்களைச் சேர்த்துவிட்டு, எட்டு கேள்விகளுக்கு மட்டும் இங்கே பதில் எழுதுகிறேன்.

கேள்வி: எங்கள் வீட்டில் ஐந்து பேர். மகன் பெங்களூரு நிறுவனம் ஒன்றில் வேலை செய்கிறான். வாரத்தில் மூன்று நாள் வீட்டிலிருந்தே வேலை. மகள் பிளஸ் டூ, மாலையில் ஆன்லைன் டியூஷன். இதுவரை எல்லாம் மகனுடைய செல்பேசி ஹாட்ஸ்பாட்டில்தான் ஓடுகிறது. இரவானால் எல்லோருக்கும் சுற்றிக்கொண்டே இருக்கிறது. தெருக் கேபிள்காரர் ஃபைபர் இழுத்துத் தருகிறேன் என்கிறார். செல்பேசி நிறுவனத்திலிருந்து வந்த பையனோ, "மொட்டை மாடியில் ஒரு பெட்டி வைத்தால் போதும்மா, கம்பியே வேண்டாம், 5ஜி" என்கிறான். யார் சொல்வதைக் கேட்பது?
– வாசகி, மன்னார்குடி

பதில்: அம்மா, உங்களுக்கு முன்னால் இருப்பவை இரண்டு வழிகள் அல்ல, மூன்று. செல்பேசி ஹாட்ஸ்பாட் ஒன்று, மாடிப் பெட்டி ஒன்று, ஃபைபர் ஒன்று. இவற்றில் முதலாவதை உடனே தள்ளிவிடலாம். ஒருவருடைய சட்டைப் பையில் இருக்கும் கருவியை நம்பி ஐந்து பேர் இருக்கும்போது, மகன் கடைக்குப் போனால் இணையமும் கடைக்குப் போய்விடுகிறது. அன்றைய டேட்டா அளவு தீர்ந்ததும் வேகம் நொடிக்கு 64 கிலோபிட்டாக இறங்கிவிடுகிறது. அந்த வேகத்தில் வாட்ஸப் எழுத்துச் செய்தி போகும், வகுப்பு நடக்காது.

ஆகவே உண்மையான போட்டி மாடிப் பெட்டிக்கும் ஃபைபருக்கும் இடையில்தான். இந்தியாவில் 5ஜி சேவை 2022 அக்டோபர் 1 அன்று தொடங்கியது. ஓராண்டுக்குள்ளாகவே பெரிய நிறுவனங்கள் அதை வீட்டு இணைப்பாகவும் விற்கத் தொடங்கிவிட்டன. ஏர்ஃபைபர் என்று பெயர் வைத்திருப்பதால் பலரும் இதையும் ஃபைபர் என்றே நினைத்துக்கொள்கிறார்கள். மாடியில் பொருத்தும் பெட்டி உங்கள் செல்பேசி பிடிக்கும் அதே கோபுரத்தின் அலையைத்தான் பிடிக்கிறது. உயரத்தில், வெட்டவெளியில், கோபுரத்தைப் பார்த்து நிற்பதால் செல்பேசியைவிட நன்றாகப் பிடிக்கிறது, அவ்வளவே. பிடித்ததை ஒரு கம்பி வழியே கீழே இறக்கி, ரூட்டர் மூலம் வீட்டுக்குள் வைஃபையாகத் தருகிறது.

இதில் கவனிக்க வேண்டியது, கோபுரத்தின் கொள்ளளவு பொதுச் சொத்து என்பதைத்தான். அதன் ஒரு பக்கத்து ஆன்டெனா தருகிற வேகத்தை, அந்தத் திசையில் உள்ள அத்தனை செல்பேசிகளும் அத்தனை மாடிப் பெட்டிகளும் அந்தந்த நொடியில் பங்கிட்டுக்கொள்கின்றன. காலை பதினொரு மணிக்குப் பையன் வந்து செல்பேசியில் வேகத்தை அளந்து காட்டினால் 200, 300 மெகாபிட் என்று எண்கள் துள்ளும். இரவு ஒன்பது மணிக்கு, ஊரே சாப்பிட்டுவிட்டுக் காணொளி பார்க்கிற நேரத்தில், அதே இடத்தில் அளந்தால்தான் உண்மை தெரியும். உங்கள் ஊருக்கு இன்னொரு கணக்கும் உண்டு: பங்குனித் திருவிழாவில் வெண்ணெய்த்தாழி பார்க்க வருகிற கூட்டம் முழுவதும் உங்கள் கோபுரத்தில்தான் வந்து இறங்கும். அன்று உங்கள் மகன் விடுப்பு எடுத்துவிடுவது நல்லது.

ஃபைபரிலும் பங்கு உண்டு என்பதை மறைக்கக்கூடாது. இன்று வீடுகளுக்கு வரும் ஃபைபர் பெரும்பாலும் ஜிபான் என்ற முறையில் வருகிறது: ஏறத்தாழ 2.5 ஜிகாபிட் வேகமுள்ள ஓர் இழை, வழியில் உள்ள பெட்டிகளில் கிளை பிரிந்து 32 அல்லது 64 வீடுகளுக்குப் போகிறது. ஆனால் அந்த வீடுகள் எண்ணிக்கையில் அடங்கியவை. திருவிழாக் கூட்டம் அதில் ஏறாது, மழை பெய்தாலும் இழைக்குள் செல்லும் ஒளி மங்காது. மேலும், உங்கள் மகனுக்கும் மகளுக்கும் தேவைப்படுவது பதிவிறக்க வேகம் மட்டும் அல்ல. அலுவலகக் கூட்டத்தில் அவர் பேசும்போதும், வகுப்பில் அவள் கேமராவைத் திறக்கும்போதும், தரவு வீட்டிலிருந்து வெளியே போகிறது. 5ஜியின் அலைவரிசையில் பெரும்பங்கு பதிவிறக்கத்துக்கே ஒதுக்கப்படுவதால் பதிவேற்றம் எப்போதும் ஒல்லியாகவே இருக்கும். ஃபைபர் திட்டங்கள் பெரும்பாலானவற்றில் இரண்டும் சம வேகம். "உங்கள் குரல் விட்டு விட்டு வருகிறது" என்று கூட்டத்தில் யாராவது சொன்னால், பழி பெரும்பாலும் அந்த ஒல்லியான பதிவேற்றத்தின் மேல்தான்.

இதுவரை படித்தால் ஃபைபர் என்று தீர்ப்பு எழுதியாகிவிட்டது போலத் தோன்றும். எழுதலாம், ஒரு நிபந்தனையோடு. ஃபைபர் அறுந்தால் ஒட்டுவதற்கு ஆள் வர வேண்டும். எங்கள் தெருவில் ஒருமுறை வைக்கோல் ஏற்றிய லாரி கம்பியை இழுத்துக்கொண்டு போய்விட்டது. மாலையில் ஓர் இளைஞர் இரு சக்கர வாகனத்தில் வந்தார். இருக்கையின் மேலேயே இழையை ஒட்டும் ஸ்ப்ளைசிங் இயந்திரத்தை வைத்துக்கொண்டு, அறுந்த முனையின் கறுப்புத் தோலை உரித்து, உள்ளே இருந்த இழையை ஸ்பிரிட் நனைத்த தாளால் துடைத்து, சின்ன வெட்டுக்கருவியில் வைத்து ஒரு சொடுக்குச் சொடுக்கினார். ஒளி செல்லும் நடுப்பகுதி 9 மைக்ரான். நம் தலைமுடியின் தடிமனில் ஏழு எட்டில் ஒரு பங்கு. இயந்திரத்தின் சிறு திரையில் இரண்டு முனைகளும் இரண்டு தூண்கள்போல் பெரிதாகத் தெரிந்து, மெல்ல நெருங்கின, ஒரு பொறி, இரண்டும் ஒன்றாகிவிட்டன. பிறகு வீட்டுக்குள் வந்து, வந்து சேரும் ஒளியின் வலிமையை அளக்கும் மீட்டரை மாட்டிப் பார்த்து, "மைனஸ் இருபத்தொன்று சார், நல்லா இருக்கு, இருபத்தேழைத் தாண்டினாத்தான் தொல்லை" என்று சொல்லிவிட்டுப் போனார். பத்து நிமிட வேலை. ஆனால் அந்தப் பத்து நிமிடத்துக்கு அவர் அன்றைக்கே வருகிறாரா, நான்கு நாள் கழித்து வருகிறாரா என்பதில்தான் ஒரு ஃபைபர் இணைப்பின் தரமே இருக்கிறது.

எனவே கேபிள்காரரிடம் வேகத்தைக் கேட்காதீர்கள். அவரிடம் ஏற்கெனவே இணைப்பு வாங்கிய இரண்டு வீடுகளுக்குப் போய், கடைசியாக எப்போது அறுந்தது, எத்தனை நாளில் சரிசெய்தார்கள் என்று மட்டும் கேளுங்கள். அன்றோ மறுநாளோ என்று பதில் வந்தால் ஃபைபர் போட்டுக்கொள்ளுங்கள். வாரக் கணக்கில் இழுத்தார்கள் என்றால், இரவு ஒன்பது மணி அளவீட்டில் மாடிப் பெட்டி தேறும் பட்சத்தில் அதையே வையுங்கள். எதைப் போட்டாலும் மகனுடைய செல்பேசி சிம் வேறொரு நிறுவனத்தினுடையதாக இருக்கட்டும்; ஒன்று நின்றால் இன்னொன்று கைகொடுக்கும்.

கேள்வி: மதுரையில் அறை எடுத்துத் தங்கி, போட்டித் தேர்வுக்குப் படிக்கிறேன். பதினொரு மாத ஒப்பந்தம். தனியாகப் பிராட்பேண்ட் வேண்டுமா?
– வாசகர், மதுரை

பதில்: வேண்டாம். இணைப்புக் கட்டணம், வீட்டுக்காரரிடம் சுவரில் துளையிட அனுமதி, காலி செய்யும்போது மோடத்தைத் திருப்பிக் கொடுத்து வைப்புத்தொகையை வாங்கும் அலைச்சல் ஆகியவற்றைக் கணக்கிட்டால், தனியொருவருக்குச் செல்பேசி டேட்டாவே போதும். உயர் தெளிவில் காணொளி ஒரு மணி நேரத்துக்கு 3 ஜிபி வரை விழுங்கும். அதையே 480 என்ற தெளிவுக்கு இறக்கி வைத்தால் பல மடங்கு குறையும். கரும்பலகையில் எழுதியதைப் படிக்க அந்தத் தெளிவு தாராளம். மூன்று நான்கு பேர் சேர்ந்து தங்கும் வீடாக இருந்து, ஒப்பந்தம் இன்னும் ஆறு மாதமாவது மிச்சமிருந்தால், அப்போது ஃபைபரைப் பங்கு போட்டுக்கொள்வது லாபம்.

கேள்வி: 100 எம்பிபிஎஸ் என்று சொல்லித்தான் ஃபைபர் இணைப்புக் கொடுத்தார்கள். கணினியில் ஒரு கோப்பை இறக்கினால் 12-க்கு மேல் காட்டுவதில்லை. படுக்கையறையில் அதுவும் இல்லை. இது ஏமாற்று வேலைதானே? செல்பேசி 5ஜியே மேல் என்று தோன்றுகிறது.
– வாசகர், கோயம்புத்தூர்

பதில்: முதல் பாதியில் ஏமாற்று எதுவும் இல்லை. எம்பிபிஎஸ் என்பது (மருத்துவப் படிப்பு அல்ல) நொடிக்கு எத்தனை மெகாபிட் என்ற அளவு. கணினி கோப்பை இறக்கும்போது காட்டுவது மெகாபைட்டில். 8 பிட் சேர்ந்தால்தான் 1 பைட். 100-ஐ 8-ஆல் வகுத்தால் 12.5, உங்களுக்கு 12 வருகிறது என்றால் கொடுத்த வாக்கைக் காப்பாற்றியிருக்கிறார்கள். நிறுவனங்கள் பெரிய எண்ணாகத் தெரியும் அளவில் விளம்பரம் செய்வதும், கணினி சிறிய எண்ணாகத் தெரியும் அளவில் காட்டுவதும் நம் தலைவிதி.

படுக்கையறைச் சங்கதி வேறு. அது இணைப்பின் குற்றமன்று, வைஃபையின் குணம். ரூட்டர் இரண்டு அலைவரிசைகளில் ஒலிபரப்புகிறது. 2.4 ஜிகாஹெர்ட்ஸ் அலை சுவரைத் தாண்டி ஓரளவு தூரம் போகும், ஆனால் வேகம் குறைவு, பக்கத்து வீட்டு ரூட்டர்களோடு மோதல் அதிகம்; 5 ஜிகாஹெர்ட்ஸ் அலை வேகமானது, ஆனால் இரண்டு செங்கல் சுவர் குறுக்கிட்டால் சோர்ந்துவிடும். இந்த 5-ஐயும் செல்பேசியின் 5ஜியையும் குழப்பிக்கொள்ளாதீர்கள், இரண்டுக்கும் ஒட்டுறவில்லை. உங்கள் ரூட்டர் எங்கே இருக்கிறது என்று எழுதவில்லை. ஆனாலும் ஊகிக்கிறேன்: வாசலுக்குப் பக்கத்தில், கம்பி நுழைந்த மூலையில், ஷோகேஸுக்குள்ளோ ஸ்டீல் பீரோவின் தலைமேலோ இருக்கும். இணைப்புக் கொடுக்க வருபவர் தமக்குக் கம்பி மிச்சமாகும் இடத்தில்தான் மாட்டிவிட்டுப் போவார். அதை வீட்டின் நடுவில், திறந்த இடத்தில், ஆள் உயரத்துக்கு வைத்துப் பாருங்கள். வைத்த பிறகும் படுக்கையறைக்கு எட்டவில்லையென்றால், கூடத்திலிருந்து அங்கே ஒரு லேன் கம்பி இழுத்து இன்னொரு சிறு ரூட்டர் வைப்பதுதான் நிலையான மருந்து.

நிறுவனம் கொடுக்கும் வேகத்தைத் தனியாக அளக்க வேண்டுமானால், கணினியை லேன் கம்பியால் நேராக ரூட்டரோடு இணைத்து அளக்க வேண்டும். செல்பேசி வழி இணையத்தை அளக்க, தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் வெளியிட்டுள்ள மைஸ்பீடு என்ற செயலி இருக்கிறது. ஒருமுறை அளந்துவிட்டு முடிவுக்கு வராமல், மூன்று நாள் மூன்று வேளை அளந்து ஒரு தாளில் குறித்துவையுங்கள். பின்னால் புகார் செய்ய நேர்ந்தால் அந்தத் தாள் உதவும்.

ஒரு பழைய கதையையும் சொல்லிவிடுகிறேன். 2004-இல் நம் நாட்டில் பிராட்பேண்ட் என்று அழைத்துக்கொள்ள நொடிக்கு 256 கிலோபிட் இருந்தாலே போதும் என்று அரசு வரையறுத்தது. பிறகு அது 512 ஆகி, 2023-இல்தான் 2 மெகாபிட் ஆனது. அந்த வரையறையை வைத்துப் பார்த்தால் உங்கள் படுக்கையறையிலும் பிராட்பேண்ட் இருக்கிறது. சட்டப்படி நீங்கள் குறை சொல்ல முடியாது!

கேள்வி: கஜா புயலின்போது எங்களுக்கு வாரக் கணக்கில் எந்தத் தொடர்பும் இல்லை. அப்படிப்பட்ட நாள்களில் கம்பி தாங்குமா, செல்பேசி தாங்குமா?
– வாசகர், வேதாரண்யம் அருகே

பதில்: 2018 நவம்பர் 16 அதிகாலையில் உங்கள் பகுதியில்தான் அந்தப் புயல் கரையேறியது, அதைப் பட்டவரிடம் போய் இது தாங்கும், அது தாங்கும் என்று உறுதி சொல்ல எனக்கு நா எழவில்லை. மின்கம்பங்கள் வரிசையாகச் சாயும் புயலில், அந்தக் கம்பங்களைப் பிடித்துத் தொங்கும் ஃபைபரும் கூடவே சாயும். கோபுரம் நின்றாலும் அதற்கு மின்சாரம் வேண்டும். மின்கலம் சில மணி நேரம், பிறகு டீசல் ஜெனரேட்டர், டீசல் கொண்டுவரும் வண்டிக்குச் சாலை திறந்திருக்க வேண்டும். இதில் பலரும் அறியாதது, கோபுரத்துக்கே இணையம் பெரும்பாலும் ஃபைபரில்தான் வருகிறது என்பது. காற்றில் வருகிறது என்று நாம் நினைப்பது கடைசி ஒன்றிரண்டு கிலோமீட்டர் மட்டுமே. அந்தக் கோபுரத்துக்குப் போகும் இழை அறுந்தால், செல்பேசியில் நான்கு கோடுகள் காட்டும், ஒரு பைட் கூட வராது.

மூன்றாவதாக ஒன்று இருந்தது, பழைய செப்புக் கம்பித் தொலைபேசி. தொலைபேசி நிலையத்திலிருந்தே 48 வோல்ட் மின்சாரம் அந்தக் கம்பியில் வந்ததால், ஊரே இருண்டு கிடந்தாலும் அது மணி அடிக்கும். இன்று ஃபைபருடன் இலவசமாகத் தரும் லேண்ட்லைனுக்கு அந்தக் குணம் கிடையாது. கண்ணாடியில் ஒளி போகும், மின்சாரம் போகாது. வீட்டில் மின்தடை வந்த நொடியே மோடமும் அணையும், தொலைபேசியும் அணையும்.

பெரும்புயலை விடுங்கள், அன்றாட மின்தடைக்கு வழி இருக்கிறது. மோடம் பெரும்பாலும் 12 வோல்ட்டில் ஓடும் சிறு கருவி. அதற்கென்றே மினி யுபிஎஸ் என்று உள்ளங்கை அளவில் விற்கிறார்கள். மோடத்தின் அடாப்டரில் எழுதியிருக்கும் வோல்ட்டையும் ஆம்பியரையும் பார்த்து அதற்குப் பொருத்தமாக வாங்கினால், இரண்டு மூன்று மணி நேரம் தாங்கும். இன்வெர்ட்டர் உள்ள வீட்டில் மோடத்தின் பிளக் இன்வெர்ட்டர் சுற்றில் இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். மாடிப் பெட்டிக்கும் இதே விதிதான். அதற்கு ஆகும் மின்சாரம் சற்று அதிகம்.

இடி மின்னல் விஷயத்தில் மட்டும் ஃபைபர் ஒரு படி மேல். செப்புக் கம்பி வழியாக மின்னல் தாக்கி மோடம் கருகிய வீடுகளை நம் ஊர்களில் நிறையப் பார்க்கலாம். கண்ணாடி இழை மின்சாரத்தைக் கடத்தாது. ஆனால் அதே கம்பியில் தாங்குவதற்காக எஃகு இழை ஓடுவதும் உண்டு. அதனால் கடும் இடியின்போது மின் பிளக்கைக் கழற்றிவிடும் பழக்கத்தை விட வேண்டாம்.

கேள்வி: விளம்பரத்தில் மாதம் 499 ரூபாய் என்றார்கள். பில் 588 ரூபாய் 82 காசு வந்தது. எங்கள் நால்வர் செல்பேசிக்கும் 28 நாளைக்கு ஒருமுறை தலா 349 ரூபாய் வேறு. ஃபைபரைத் துண்டித்துவிட்டால் மிச்சம்தானே?
– இல்லத்தரசி, சேலம்

பதில்: பில் சரியானதே. பிராட்பேண்ட் கட்டணத்துக்கு 18 சதவீத ஜிஎஸ்டி உண்டு. 499-க்கு வரி 89 ரூபாய் 82 காசு. செல்பேசி ரீசார்ஜ் தொகையில் வரி உள்ளேயே அடங்கியிருப்பதால் அது நம் கண்ணில் படுவதில்லை. ஃபைபர் விளம்பரங்கள் வரியை வெளியே வைத்துவிட்டுச் சிறிய எழுத்தில் குறிப்பிடுகின்றன. இரண்டையும் ஒப்பிடுவதற்கு முன் வரியைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஆனால் துண்டிக்க வேண்டியது எது என்பதில் உங்களோடு நான் மாறுபடுகிறேன். காலண்டரில் ஆண்டுக்குப் பன்னிரண்டு மாதம். 28 நாள் ரீசார்ஜ் கணக்கில் பதின்மூன்று. 349-ஐப் பதின்மூன்று முறை போட்டால் ஒருவருக்கு 4,537 ரூபாய், நால்வருக்கு 18,148 ரூபாய். நாளொன்றுக்கு இத்தனை ஜிபி என்று வரும் அந்தத் திட்டத்தை, வீட்டில் வைஃபை இருக்கும்போது நால்வரும் எதற்காகப் போட வேண்டும்? வீட்டிலேயே பெரும்பாலும் இருப்பவர்கள் பேசுவதற்கும் கொஞ்சம் டேட்டாவுக்குமான சிறிய திட்டத்துக்கு மாறலாம். 28 நாளைக்கு 199 ரூபாய்த் திட்டம் என்று வைத்துக்கொண்டால் நால்வருக்கும் ஆண்டுக்கு 10,348 ரூபாய். ஃபைபருக்கு வரியோடு ஆண்டுக்கு ஏறத்தாழ 7,066 ரூபாய். இரண்டையும் கூட்டினால் 17,414. இப்போது செல்பேசிக்கு மட்டுமே நீங்கள் கொடுப்பதைவிட 734 ரூபாய் குறைவு. அதில் ஃபைபரும் அடக்கம். வீட்டில் தினமும் பேருந்தில் கல்லூரிக்கோ வேலைக்கோ போகிறவர் இருந்தால் அவருக்கு மட்டும் பழைய திட்டத்தை விட்டுவிடுங்கள், இல்லாவிட்டால் வீட்டில் அமைதி கெடும்.

ஆறு மாதம், ஓராண்டு என்று முன்பணம் கட்டச் சொன்னால், முதலில் ஒரு மாதம் பார்த்துவிட்டுக் கட்டுங்கள். "அன்லிமிடெட்" என்ற சொல்லுக்குப் பக்கத்தில் நட்சத்திரக் குறி இருந்தால், எத்தனை ஜிபிக்குப் பிறகு வேகம் குறையும் என்பதை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். பொதுவாக ஃபைபர் திட்டங்களைவிட மாடிப் பெட்டித் திட்டங்களில் இந்த வரம்பு குறைவு.

கேள்வி: முப்பது ஆண்டுகளாக ஒரே லேண்ட்லைன் எண். உறவினர் எல்லோருக்கும் மனப்பாடம். செப்புக் கம்பி இனி இல்லை என்கிறார்கள். வேறு நிறுவனத்தின் ஃபைபருக்கு மாறினால் எண் நிலைக்குமா?
– ஓய்வுபெற்ற ஆசிரியர், கும்பகோணம்

பதில்: ஐயா, செல்பேசி எண்ணை நிறுவனம் மாற்றி எடுத்துச் செல்லும் வசதி 2011 முதல் நாடு முழுவதும் இருக்கிறது, லேண்ட்லைன் எண்ணுக்கு அந்த வசதி நம் நாட்டில் இல்லை. எனவே வேறு நிறுவனத்துக்கு மாறினால் எண் போய்விடும். ஆனால் உங்கள் இணைப்பு பிஎஸ்என்எல்லினுடையது என்றால், அதே நிறுவனத்தின் ஃபைபருக்கு அதே எண்ணோடு மாற்றித் தரும்படி தொலைபேசி நிலையத்தில் விண்ணப்பம் கொடுங்கள். பல இடங்களில் செய்து தருகிறார்கள். புதிய இணைப்பில் அந்த எண் ஒலிப்பதைக் காதால் கேட்கும் வரை பழையதை ஒப்படைக்கும் கடிதத்தில் கையெழுத்திட வேண்டாம். வீட்டில் முதியவர்கள் தனியே இருக்கிறீர்கள் என்றால், மேலே வேதாரண்யம் வாசகருக்குச் சொன்ன மினி யுபிஎஸ் உங்களுக்கும் கட்டாயம் தேவை.

கேள்வி: இணைப்பு அறுந்து ஒன்பது நாள் ஆகிறது. கேபிள்காரர் நிறுவனத்தைக் கை காட்டுகிறார், நிறுவனம் கேபிள்காரரைக் கை காட்டுகிறது. டிராய்க்கு எழுதலாமா?
– வாசகர், திருநெல்வேலி

பதில்: எழுதினால் பயனில்லை, தனிப்பட்ட வாடிக்கையாளரின் புகாரை டிராய் நேரடியாக விசாரிப்பதில்லை. அது வகுத்துள்ள விதிகளின்படி முதலில் நிறுவனத்தின் வாடிக்கையாளர் மையத்தில் புகார் செய்து, புகார் எண்ணைப் பெற வேண்டும். வாட்ஸப்பில் கேபிள்காரருக்கு அனுப்பிய "அண்ணே, நெட் வரல" புகார் ஆகாது. தீர்வு கிடைக்காவிட்டால் அதே நிறுவனத்தின் மேல்முறையீட்டு அதிகாரியிடம் கட்டணமின்றி முறையிடலாம். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதற்கும் மேலே மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. தொலைத்தொடர்புப் புகார்களை அங்கே கொண்டுசெல்லத் தடையில்லை என்று உச்ச நீதிமன்றம் 2022 பிப்ரவரியில் தெளிவாகச் சொல்லிவிட்டது.

எனக்கு நேர்ந்ததையும் சொல்கிறேன். சில ஆண்டுகளுக்கு முன் இதேபோல் பதினோரு நாள் அல்லாடிவிட்டு, புகார் எண் கேட்டுப் பேசியபோதுதான், என் பெயரில் இணைப்பே இல்லை என்பது தெரிந்தது. மாதாமாதம் பணம் வாங்கிச் சென்றவர் வேறு யார் பெயரிலோ எடுத்த இணைப்பை எனக்குத் திருப்பிவிட்டிருந்தார். என் கையில் இருந்தவை அவர் கொடுத்த துண்டுச் சீட்டுகள் மட்டுமே. எவரிடம் போய் என்ன சொல்வது? உங்கள் பில் நிறுவனத்தின் பெயரில், உங்கள் பெயருக்கு, ஜிஎஸ்டி எண்ணோடு வருகிறதா என்று இன்றே எடுத்துப் பாருங்கள்.

கேள்வி: ஊருக்கு வெளியே தோட்டத்தில் மோட்டார் அறைக்குக் கேமரா வைக்க வேண்டும். ஃபைபர் இழுக்க ஒன்றரை கிலோமீட்டர் என்கிறார்கள்.
– விவசாயி, ஒட்டன்சத்திரம்

பதில்: ஒன்றரை கிலோமீட்டர் கம்பியை அணிலுக்கும் டிராக்டருக்கும் தீனியாகப் போடாதீர்கள். சிம் போடும் 4ஜி கேமராவே இதற்குச் சரி. அது படத்தை உள்ளிருக்கும் மெமரி கார்டில் பதிந்துகொண்டு, நீங்கள் பார்க்கும் நேரத்தில் மட்டும் அனுப்புவதால் டேட்டா அதிகம் செலவாகாது. தனி டிவிஆர் (கேமராப் படத்தைப் பதியும் பெட்டி) வாங்கி சிம் ரூட்டரில் மாட்டுவது மட்டும் வேண்டாம். செல்பேசி நிறுவனங்கள் பல வாடிக்கையாளருக்கும் சேர்த்து ஒரே இணைய முகவரியைப் பகிர்ந்து தருவதால், வெளியூரிலிருந்து அதைத் திறந்து பார்ப்பது பெரும்பாடு. எந்த நிறுவனத்தின் சிம் என்பதைக் கடைக்காரரிடம் கேட்காமல், இரண்டு மூன்று நிறுவனச் செல்பேசிகளைக் கொண்டுபோய், மோட்டார் அறைக்குள் கதவைச் சாத்திக்கொண்டு நின்று, ஒவ்வொன்றிலும் வீட்டுக்கு ஒரு காணொளி அழைப்புச் செய்து பாருங்கள். வீட்டில் இருப்பவருக்கு உங்கள் முகம் தெளிவாகத் தெரிந்த சிம்மை வாங்குங்கள்.